ஆடியா, ஆவணியா? – ‘ராசிபுரம் வீடு’ குழுவில்

கவிதா: எல்லோருக்கும் வணக்கம். குட்டிக்கு மொட்டையும் காதுகுத்தும் கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோவிலில் வைத்துக்கொள்ளலாம் என்று அம்மா சொல்கிறார். தேதி தெரிந்தால்தான் சென்னையிலிருந்து டிக்கெட் எடுக்க முடியும்.

சித்ரா அத்தை: ரொம்பச் சந்தோஷம் கண்ணு. ஆடி 18-இல் வைத்துவிடலாம்.

அம்மா: ஆடியில் காது குத்துவதா?

அருண்: வேன் பொறுப்பு என்னுடையது.

சித்ரா அத்தை: போன முறையும் உன்னுடையதுதான். வாடகையில் என் பங்குக்கு மேல் கொடுத்த பணம் இன்னும் வரவில்லை.

பெரியப்பா: கவிதா, பொறுமையாகப் படி. ஆடி 17, 18 இரண்டு நாளும் மலைமேல் செம்மேட்டில், கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரிக்கு அரசு நடத்தும் விழா. கோவிலில் ஆடிப்பெருக்குக் கூட்டம் வேறு. அடிவாரத்தில் காரவள்ளியில் ஏறத் தொடங்கினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். அன்றைக்கு வண்டிக்குப் பின்னால் வண்டி நிற்கும். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அந்த நெரிசலில் ஏன் அகப்பட வேண்டும்? பெருக்கு முடிந்து, கூட்டம் வடிந்த பின் ஒரு வார நாளில் போவோம். ஓர் இரவு மேலே தங்குவோம். காலையில் ஏறி மாலையில் இறங்கினால் அருவியோடு சரி. மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே விடியற்காலையில் நடந்து பார்த்தவர்கள் உங்களில் யார்?

அருண்: வாந்தி மாத்திரை வாங்க வேண்டும்.

சித்ரா அத்தை: 27-ஆவது வளைவு.

அருண்: அத்தை, அப்போது எனக்கு ஏழு வயது!

கவிதா: அந்தச் சட்டை என்னுடையது. இன்னும் மறக்கவில்லை.

அம்மா: நான் படி இறங்க மாட்டேன். முழங்கால்.

பெரியப்பா: நீ இறங்கவே வேண்டாம் சரோஜா. ஆகாய கங்கை அருவிக்குத்தான் ஆயிரத்துக்கு மேல் படிகள். கோவில் மேலேயே இருக்கிறது, அருகில் வரை வண்டி போகும். அருவியில் குளிக்க வேண்டும் என்கிற இளையவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அங்கே அய்யாறு ஏறக்குறைய 300 அடி உயரத்திலிருந்து விழுகிறது. மழை கூடினால் வனத்துறை கீழே விடாது, அது நியாயம்தான். அருவியை நம்பித் தேதி குறிக்காதீர்கள்.

செந்தில்: முள்ளுக்குறிச்சி வழியாக ஏறினால் வளைவுகள் குறைவு.

சித்ரா அத்தை: செந்தில்! குழுவில் உன் பெயரைப் பார்த்து எத்தனை நாளாயிற்று!

கவிதா: அண்ணா, உன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும்.

செந்தில்: பார்க்கலாம்.

அம்மா: அது என்ன பார்க்கலாம்? தாய்மாமன் வேறு யார் இருக்கிறார்கள்?

சித்ரா அத்தை: சமையலுக்குச் சேலத்து ஆளைச் சொல்லிவிடட்டுமா? பாத்திரம் வாடகைக்குக் கிடைக்கிறது.

பெரியப்பா: சமையல்காரரை மலையேற்ற வேண்டாம் சித்ரா. மேலே இரண்டு மூன்று வீடுகளில் முன்கூட்டிச் சொல்லி வைத்தால் சாமைச் சோறு, கேழ்வரகுக் களி, கீரை, நாட்டுக்கோழிக் குழம்பு எல்லாம் செய்து தருவார்கள். காசு அந்த வீடுகளுக்கே போகும். கோவிலருகே முடவாட்டுக்கால் கிழங்கு சூப் கிடைக்கும், சரோஜா கட்டாயம் குடிக்க வேண்டும். பாறையில் படரும் ஒரு பெரணிச் செடியின் கிழங்கு அது. மேலெல்லாம் பழுப்பு மயிர் மூடி, பார்வைக்கு ஆட்டுக்கால் போலவே இருக்கும். தோலைச் சுரண்டி இடித்து, மிளகு, சீரகம், சின்ன வெங்காயம் சேர்த்துக் கொதிக்கவைப்பார்கள். மூட்டு வலிக்கு நல்லது என்று மலை மக்கள் நம்பிக் குடிக்கிறார்கள்.

அம்மா: குடிக்கிறேன்.

அருண்: கோழி உண்டு என்பது உறுதிதானே?

சித்ரா அத்தை: கோவிலுக்குப் போய்க் கோழியா?

அம்மா: காதுகுத்து அன்று சைவம். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.

கவிதா: அந்த ஆற்றில் மீன்கூடப் பிடிக்கக் கூடாது என்று தாத்தா சொல்வாரே?

பெரியப்பா: கோவிலை ஒட்டிய அய்யாற்று மீன்களைச் சாமி மீன் என்பார்கள். அறுத்த மீனை மறுபடி பொருத்தி உயிர் கொடுத்தவர் அந்த ஈசன் என்பது தல வரலாறு. பொரி வாங்கிப் போடுவோம், குட்டி பார்க்கட்டும்.

பெரியப்பா: சாமையைப் பற்றி இன்னொன்று. முன்பு மலை முழுக்கச் சாமையும் தினையும் கேழ்வரகும்தான். மரவள்ளி வந்தபின் சுருங்கிவிட்டன. சேலத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு ஏற்றினால் உடனே கையில் பணம். நம் அப்பாவும் அந்தக் கிழங்கைத்தான் லாரியில் இறக்கினார். சாமை குத்துவது பெண்களுக்குப் பெரும்பாடு. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே மாவு அரைக்கவும் உமி நீக்கவும் எந்திரங்கள் வைத்துக் கொடுத்தது. வாங்கிச் சாப்பிட ஆள் இருந்தால்தானே அடுத்த பருவத்திலும் விதைப்பார்கள்? போகிறவர்கள் ஆளுக்கு இரண்டு கிலோ வாங்க வேண்டும்.

செந்தில்: அந்த லாரியை விற்ற பணம் எங்கே பெரியப்பா?

அருண்: சோளக்காடு சந்தையில் அன்னாசி இருக்குமா இப்போது?

சித்ரா அத்தை: செந்தில், நல்ல காரியம் பேசும்போது அது வேண்டாம்.

செந்தில்: அப்பா இருந்தவரை இதையேதான் சொன்னீர்கள்.

அம்மா: எனக்கு மிளகு வேண்டும். போன தடவை கடையில் வாங்கியது காரமே இல்லை.

சித்ரா அத்தை: எனக்குக் காப்பிக்கொட்டை.

பெரியப்பா: செந்தில், கேட்க உனக்கு உரிமை உண்டு. காகிதங்கள் எல்லாம் பீரோவில் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. மலையேறுவதற்கு முன் பேசி முடித்துவிடுவோம்.

செந்தில்: சரி.

கவிதா: தேதி?

அம்மா: ஆவணி பிறக்கட்டும். வளர்பிறை முகூர்த்தம் பார்க்கிறேன். மலையில் இருக்கும் எட்டுக்கை அம்மனுக்கும் புடவை சாத்த வேண்டும்.

சித்ரா அத்தை: ஆடி 18-ஐ விடுவது எனக்கு வருத்தம்தான். அப்பா அன்றைக்குத்தான் நம்மை அழைத்துப் போவார்.

பெரியப்பா: அப்படியானால் அன்றைக்கு நீயும் நானும் பஸ்ஸில் போய் வருவோம். ஓரிக்கு ஒரு மாலை போட்டுவிட்டு வரலாம். யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் ஓர் அம்பில் துளைத்தவன் என்று பாடப்பட்டவன், அள்ளிக் கொடுத்த வள்ளல். அந்தக் கதையைக் கேட்டுத்தானே நாம் வளர்ந்தோம்.

சித்ரா அத்தை: நிஜமாகவா அண்ணா? பிறகு மாற்றிப் பேசக் கூடாது.

அருண்: அப்போது வேன் ஆடிக்கா, ஆவணிக்கா?

கவிதா: ஆவணிக்கு. அண்ணா, உனக்கு ஒத்துவருமா?

செந்தில்: ஞாயிறு பேசிவிட்டுச் சொல்கிறேன்.

அருண்: வேன்காரர் முன்பணம் கேட்கிறார். யார் அனுப்புகிறீர்கள்?