வீட்டில் குழந்தை பார்க்க லைசென்ஸ் கட்டாயம், இல்லாவிட்டால் 1 லட்சம் அபராதமா? (வேலூர்) உதவி தேவை

சத்துவாச்சாரி தொட்டில்:
வணக்கம். வீட்டிலேயே டே கேர். தரைத்தளம், 12க்கு 14 அடி ஹால், 9 குழந்தைகள், அதில் 4 பேர் மூன்று வயதுக்குக் கீழே. உதவிக்கு ஒரு ஆயா. காலை 8 முதல் மாலை 6.30 வரை. ஒரு குழந்தைக்கு மாதம் 3,500 ரூபாய். சாப்பாடு அவரவர் வீட்டு டப்பாதான்.

வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. அதில் இருப்பவை: வீட்டில் குழந்தை பார்ப்பவர்கள் எல்லாரும் பதிவு செய்யணும், தவறினால் 1 லட்சம் அபராதம், ஓராண்டு ஜெயில். கட்டணத்துக்கு 18% ஜிஎஸ்டி. வீட்டு மீட்டர் கமர்ஷியல் ஆகிவிடும். புது லேபர் சட்டப்படி இனி கிரீச் (குழந்தைக் காப்பகம்) நடத்த 50 பேர் இருக்கணும். இதோடு ஒருத்தர் வீடு தேடி வந்து, 6,500 கொடுத்தால் உத்யம் சான்றிதழ் எடுத்துத் தருகிறேன், அதுதான் லைசென்ஸ் என்கிறார். எதை நம்புவது?

பாலாற்று வக்கீல்:
சகோதரி, முதலில் 6,500ஐப் பத்திரமா வையுங்க. உத்யம் பதிவு இலவசம். ஆதார், பான், ஆதாரோடு இணைத்த செல்போனுக்கு வரும் ஓடிபி, இவ்வளவுதான். அரசு இணையதளத்தில் அரை மணி நேர வேலை. முகவரி ஜிஓவி.இன் என்று முடிகிறதா என்று மட்டும் பாருங்க. அதே மாதிரி பெயரில் காசு கேட்கும் தளங்கள் நிறைய. அது சிறுதொழில் என்பதற்கான சான்று. பேங்க் லோனுக்கு உதவும். குழந்தை பார்க்கும் உரிமம் ஆகாது.

அடுத்தது அந்த 1 லட்சம். ஆகாயத்திலிருந்து விழுந்த எண் இல்லை அது. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் பிரிவு 41, 42இல் அப்படியே இருக்கிறது: பதிவு இல்லாமல் நடத்தினால் ஓராண்டு வரை சிறை அல்லது 1 லட்சத்துக்குக் குறையாத அபராதம் அல்லது இரண்டும். ஆனால் அது யாருக்கு? ஆதரவற்ற, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளைத் தங்க வைக்கும் இல்லங்களுக்கு. காலையில் விட்டு மாலையில் அம்மா வந்து தூக்கிப் போகும் குழந்தைக்கு இல்லை.

50 பேர் சங்கதியும் அதே கதை. 2017 மகப்பேறு நலத் திருத்தத்தில் வந்தது, 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் தொடர்கிறது. 50 பேர் வேலை செய்யும் நிறுவனம் கிரீச் வசதி தரணும் என்பது முதலாளிக்கான கடமை. உங்கள் வீட்டில் 50 பேர் இருக்கணும் என்று யாரோ தலைகீழாப் படிச்சிருக்காங்க.

ஆற்காட்டுக் கணக்கர்:
ஜிஎஸ்டிக்கு வருகிறேன். 9 × 3,500 = மாதம் 31,500, ஆண்டுக்கு 3,78,000. சேவைத் தொழிலுக்குத் தமிழ்நாட்டில் பதிவு வரம்பு ஆண்டு வரவு 20 லட்சம். ஐந்தில் ஒரு பங்கைக்கூட நீங்கள் தொடவில்லை. பதிவு இல்லாதவர் ஜிஎஸ்டி என்று வசூலிக்கவும் கூடாது. பில்லில் அந்த வரியே வேண்டாம்.

வருமான வரி: சிறுதொழில் உத்தேச வரி முறையில் ரொக்கமாக வந்ததில் 8%, யூபிஐ, வங்கி வழியாக வந்ததில் 6% லாபம் என்று காட்டலாம். முழுக்க யூபிஐ என்றால் 22,680 ரூபாய். அடிப்படை விலக்கு 4 லட்சம். வரி பூஜ்யம். இருந்தாலும் ஐடிஆர்-4 (வருமான வரி ரிட்டர்ன் படிவம்) போட்டு வையுங்கள். லோன் கேட்கும்போது மூன்று வருஷ ரிட்டர்ன் கையில் இருந்தால் பேச்சே வேறு.

வாட்ஸ்அப்பில் வராத ஒன்று உங்களுக்குப் பொருந்தும்: மாநகராட்சித் தொழில் வரி. ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என அரையாண்டுக் கணக்கு. அரையாண்டு வருமானம் 21,000 வரை வரி கிடையாது. ஆயா சம்பளம், பால் செலவு கழித்தும் நீங்கள் அதைத் தாண்டுவீர்கள். அரசியல் சாசனப்படி ஆண்டுக்கு 2,500க்கு மேல் போகாது. கட்டிய ரசீதை எறிய வேண்டாம். இந்த முகவரியில் தொழில் நடக்கிறது என்பதற்கு நல்ல ஆதாரம் அது.

காட்பாடி ஃபியூஸ்:
மீட்டர் விஷயத்தை வதந்தின்னு முழுசா தள்ளாதீங்க. புது விதி ஒண்ணும் இல்லை, பழசுதான். வீட்டு இணைப்பில் வேறு உபயோகம்னு ஆய்வில் எழுதிட்டா, மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 126. அந்த உபயோகத்துக்கு உண்டான கட்டணத்தில் இரண்டு மடங்கு போடுவாங்க. எப்ப ஆரம்பிச்சதுன்னு கண்டுபிடிக்க முடியலைன்னா பின்னோக்கி 12 மாசத்துக்கு. ஏசி, இண்டக்‌ஷன்னு லோடு ஏறினா கண்ணில் படும். குழந்தைகளுக்கான பகுதிக்குத் தனி இணைப்பு கேட்டு மின்வாரிய ஏஇ (உதவிப் பொறியாளர்) ஆபீஸில் எழுதிக் கொடுப்பதுதான் சுத்தமான வழி. கூடவே 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தா உடனே கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) போட்டுடுங்க. எம்சிபி (லோடு ஏறினா ட்ரிப் ஆகும் சாதா சுவிட்ச்) ஒயரைக் காப்பாத்தும், பிளக்கில் விரல் விட்ட குழந்தையைக் காப்பாத்தாது.

கொணவட்டம்:
இவ்வளவு தலைவலியா? போர்டைக் கழட்டிட்டா வேலை முடிஞ்சது.

பாலாற்று வக்கீல்:
கழட்டினால் தீராது. போர்டில் என்ன எழுதியிருக்கு, உள்ளே என்ன நடக்குது, இரண்டும் ஒத்துப்போகணும். ‘ப்ளே ஸ்கூல்’ என்று எழுதினாலோ, எழுதாமலே பாடம் நடத்தி அதற்குக் கட்டணம் வாங்கினாலோ, தமிழ்நாடு விளையாட்டுப் பள்ளிகள் விதித்தொகுப்பு 2015 உங்களைத் தேடி வரும். பிறகு பள்ளிக் கல்வித் துறை அங்கீகாரம், அதற்கு கட்டட உரிமம், கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று என்று நான்கு. குடியிருப்பு வீட்டுக்கு இவை வாங்குவது லேசில்லை. ‘பகல் நேரக் குழந்தைப் பராமரிப்பு’ என்று எழுதுங்க. ரைம்ஸ் பாடலாம், பாடத்துக்கென்று ஃபீஸ் ரசீது போடாதீங்க.

சத்துவாச்சாரி தொட்டில்:
ரொம்ப நன்றி. இன்னும் இரண்டு. நர்ஸ் அம்மாக்கள் நைட் டூட்டி நாளில் இரவும் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனி, தங்கள் ஊழியர்களின் 6 குழந்தைகளைச் சேர்த்துக்கொள்வீர்களா, பணம் நாங்களே கட்டுகிறோம் என்கிறது.

பாலாற்று வக்கீல்:
இரவு வேண்டாம். வழக்கமாகத் தங்க வைத்தால் அது விடுதி. பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதிகளுக்கு 2014 சட்டப்படி ஆட்சியரிடம் உரிமம் வாங்கணும். பகலில் மட்டும் பார்ப்பதால் இந்த உரிமச் சட்டம் உங்களைத் தொடாது, ராத்திரி ஒரு பாய் விரித்ததும் அது மாறிவிடும்.

கம்பெனி கேட்பது நியாயமான கேள்விதான். நிறுவனம் தானே கிரீச் கட்டாமல் தனியார் நடத்தும் பொது கிரீச்சைப் பயன்படுத்த சட்டம் இடம் தருகிறது. ஆனால் அவர்கள் வந்தால் கிரீச்களுக்கான மத்திய அரசின் 2018 குறைந்தபட்ச வழிகாட்டுதலை வைத்து அளப்பார்கள். குழந்தைக்கு 10 முதல் 12 சதுர அடி. மூன்று வயதுக்குக் கீழே 10 குழந்தைக்கு ஒரு பணியாளரும் ஒரு உதவியாளரும். உங்க ஹால் 168 சதுர அடி. 15 பேர் × 12 = 180. இடிக்கும்.

ஆற்காட்டுக் கணக்கர்:
கம்பெனி கொடுத்தால் மாதம் 21,000, ஆண்டுக்கு 2,52,000. ஒரே பில் 30,000ஐத் தாண்டினாலோ ஆண்டு மொத்தம் 1 லட்சத்தைத் தாண்டினாலோ 1% வருமான வரியாக (டிடிஎஸ்) பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். பான் தராவிட்டால் 20%. பிடித்தது ஐடிஆர் போட்டால் திரும்பி வரும், போடாவிட்டால் போனதுதான்.

பேரணாம்பட்டு பால்வாடி:
எழுத்து வேலையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. தகராறு வருவது அதில்தான். ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டு பக்கப் படிவம்: பிறந்த தேதி, ஒவ்வாமை, கூட்டிப்போக உரிமை உள்ளவர்கள் யார் யார் (ஃபோட்டோ ஒட்டி), 6.30க்கு மேல் ஆனால் அரை மணிக்கு எவ்வளவு, காய்ச்சல் வந்தால் எந்த டாக்டர். “மாமா வந்து கூட்டிட்டுப் போவாரு” என்று ஃபோனில் சொன்னால் போதாது. பட்டியலில் இல்லாத ஆளிடம் பிள்ளையைக் கொடுக்காதீங்க. மருந்து கொடுக்கணும் என்றால் பெயர், அளவு, நேரம் மூன்றும் பெற்றோர் கையெழுத்தில். ஆயாவுக்குக் காவல்துறை இணையதளத்தில் சரிபார்ப்புச் சான்று வாங்குங்க. குழந்தையிடம் யாராவது பாலியல் ரீதியாகத் தவறாக நடந்தது தெரிந்தும் சொல்லாமல் இருப்பது போக்சோ சட்டத்தில் (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) தனிக் குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098ஐ சுவரில் எழுதி வையுங்க.

வாசலில் சம்ப் (தரையடித் தண்ணீர்த் தொட்டி) இருக்கா? மூடிக்குப் பூட்டு. குளியலறை பக்கெட்டில் தண்ணீர் நிறுத்தவே கூடாது.

ஆம்பூர் தோல்:
இந்த இழை எனக்கும் உதவுது. நான் கேட்கணும்னா வேலூர் கலெக்டர் ஆபீஸா?

பாலாற்று வக்கீல்:
2019க்குப் பிறகு ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூர் மாவட்டம். ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் ராணிப்பேட்டை. காட்பாடி, குடியாத்தம், பேரணாம்பட்டு வேலூர். தப்பான மாவட்டத்துக்கு மனு போட்டால் அது ஆபீஸ் ஆபீஸா சுத்திட்டு வரும்.

யாருக்கும் சந்தேகம் நீடித்தால் மாவட்ட சமூக நல அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமை) மனு போடுங்க. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பதிவுத் தபாலில். 30 நாளில் பதில் தரணும். “லைசென்ஸ் தேவையா?” என்று கேட்காதீங்க, கருத்துச் சொல்ல அவருக்குக் கடமை இல்லை என்று திருப்பி அனுப்பிடுவார். “வீட்டில் பகல் நேரம் மட்டும் கட்டணத்துக்குக் குழந்தை பராமரிப்பவர் பதிவு செய்ய வேண்டும் எனப் பிறப்பிக்கப்பட்ட அரசாணைகளின் எண், தேதி, நகல் தருக” என்று கேளுங்க. வாட்ஸ்அப் செய்திக்கும் இதே சோதனைதான். அரசாணை எண், தேதி, துறை, மூணில் ஒண்ணு இல்லையென்றாலும் ஃபார்வர்டு பண்ணாதீங்க.

சத்துவாச்சாரி தொட்டில்:
ஆர்டிஐ எழுதியாச்சு, 6,500 ஆளுக்கு வேண்டாம் என்று சொல்லியாச்சு. ஹாலை டேப் வைத்து அளந்தேன்: பீரோவும் தொட்டில் ஸ்டாண்டும் போக 150 சதுர அடிதான். 12 குழந்தைக்கு மேல் தாங்காது. கம்பெனியிடம் 3 பேர் என்று சொல்கிறேன்.