கரண்டியின் பின்னால் கழுகு, தலை, நட்சத்திரம்: எந்த நாட்டு வெள்ளி?

கேள்வி:
பழைய டீஸ்பூன் ஆறு. ஒவ்வொன்றும் 16 கிராம். காம்பு பிடில் வடிவம், நுனியில் பூக்கூடை. பின்னால் ஒரு பெயர், பக்கத்தில் மூன்று குட்டி முத்திரைகள். ‘ஸ்டெர்லிங்’ என்று எங்கும் இல்லை. இங்கிலாந்தா? வெள்ளிதானா?

பதில் 1:
அமெரிக்கா. அந்த மூன்று முத்திரையும் ஒப்புக்கு அடித்தவை, இங்கிலாந்துச் சரக்கு போலத் தெரிய. லண்டனில் போல மாற்றுப் பார்த்து முத்திரையிடும் சங்கம் பாஸ்டனிலோ நியூயார்க்கிலோ கிடையாது. பால்டிமோரில் மட்டும் 1814 முதல் 1830 வரை சட்டப்படி இருந்தது. மற்ற ஊர்களில் பெயர்தான் உத்தரவாதம். அதுவும் செய்த தட்டாரின் பெயர்தான் என்று சொல்லமுடியாது. வாங்கி விற்ற கடைக்காரரும் தன் பெயரை அடித்துக்கொள்வார். பூக்கூடை அச்சு வேலை, 1820, 30களின் மோஸ்தர்.

பதில் 2:
ஸ்டெர்லிங் (ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி) அமெரிக்காவில் பரவலானது 1860களுக்குப் பிறகு. அதற்கு முன் நாணய வெள்ளி, அதாவது நாணயத்தின் மாற்றில் உள்ள வெள்ளி: ஆயிரத்தில் 1837 முதல் 900, அதற்கு முன் ஏறக்குறைய 892. உரசிப் பார்க்கவேண்டாம், எடை போடுங்கள். 0.01 கிராம் காட்டும் தராசில் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். கரண்டியை நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் முழுக்க முக்குங்கள். தராசு காட்டுவது கரண்டி விலக்கும் தண்ணீரின் எடை. 16 கிராமுக்கு 1.55 கிராம் வந்தால் வெள்ளி. 1.8ஐத் தாண்டினால் ஜெர்மன் சில்வர், பெயரில்தான் வெள்ளி, உள்ளே செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை. வித்தியாசம் 0.3 கிராம்கூட இல்லை, அதனால் சமையலறைத் தராசு உதவாது. குழியில் காற்றுக்குமிழி ஒட்டினாலும் கணக்கு கெடும்.

கேட்டவர்:
1.56. ஒரு கரண்டியில் காம்பும் குழியும் சேருமிடத்தில் சாம்பல் நிறத் திட்டு. பற்றவைக்கலாமா?

பதில் 3:
வெள்ளிதான். ஆனால் அந்தத் திட்டு ஈயப் பற்றாசு (உருக்கி ஒட்டவைக்கும் ஈயக் கலவை) போலிருக்கிறது. அதன்மேல் நெருப்பு வைத்தால் ஈயம் வெள்ளிக்குள் இறங்கி அரித்து ஓட்டை போடும். முதலில் ஈயத்தை முழுக்கச் சுரண்டி எடுக்கவேண்டும், பிறகுதான் வெள்ளிப் பற்றாசு. காம்பின் முகப்பில் வாயால் ஊதிப் பாருங்கள். ஆவி படியும்போது பழைய எழுத்தின் நிழல் எழுந்தால், பெயரைத் தேய்த்து எடுத்திருக்கிறார்கள். அங்கே தகடு மெலிந்திருக்கும், மெருகுச் சக்கரத்தில் கொடுத்தால் வளைந்துவிடும்.