சுடுநீர் பம்பில் மெக்கானிக்கல் சீல் விரைவில் கசிவது ஏன்?

கேள்வி:
வணக்கம். எங்கள் சாயப்பட்டறையில் 90 டிகிரி செல்சியஸ் நீரைச் சுழற்றும் பம்பின் மெக்கானிக்கல் சீல் (சுழலும் தண்டின் ஓரமாக நீர் கசியாமல் தடுக்கும், இரு முகங்கள் கொண்ட அடைப்பு) சில வாரங்களிலேயே கசியத் தொடங்குகிறது. கழற்றிப் பார்த்தால் கார்பன் முகத்தின் விளிம்பு பொரிந்து உதிர்ந்திருக்கிறது. நைட்ரைல் ரப்பரால் ஆன ஓ-ரிங் (வளைய அடைப்பு) இறுகி வெடித்திருக்கிறது. பேரிங்கில் குறையில்லை. காரணம் என்னவாக இருக்கும்?

பதில் 1:
சீலின் இரு முகங்களுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மைக்ரான் தடிமனில் நிற்கும் நீர்ப்படலம்தான் முகங்களைக் காக்கிறது. 90 டிகிரி நீரில் உராய்வுச் சூடும் சேரும்போது அப்படலம் ஆவியாகி, முகங்கள் திறந்து மூடி, கார்பனின் விளிம்பு உடைகிறது. டெலிவரி (நீர் வெளியேறும்) பக்கத்திலிருந்து சீல் அறைக்கு ஒரு சிறு குழாய் கொடுத்தால் அங்கே அழுத்தம் கூடும், சூடும் அடித்துச் செல்லப்படும். ஓட்டுவதற்கு முன் சீல் அறையில் தங்கிய காற்றை அவசியம் வெளியேற்றுங்கள்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. ஓ-ரிங்கை சுடுநீரைத் தாங்கும் ஈபிடிஎம் ரப்பர் வகைக்கு மாற்றுங்கள். ஆனால் அது கனிம எண்ணெய் பட்டால் உப்பிவிடும் என்பதால், பொருத்தும்போது சாதாரண கிரீஸைத் தொடவே வேண்டாம். சோப்பு நீர் போதும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. எங்கள் ஃபிட்டர் கிரீஸ்தான் தடவுகிறார், உடனே சொல்லிவிடுகிறேன். சக்ஷன் (நீரை உறிஞ்சும்) பக்க வடிகட்டி அடைத்தாலும் இதே பாதிப்பு வருமா?

பதில் 1:
வரும். சக்ஷன் அழுத்தம் குறைந்தால் நீர் இன்னும் எளிதாக ஆவியாகும். வடிகட்டியை முதலில் பாருங்கள்.