டிரான்ஸ்ஃபர் கேஸ் லீக்: உங்க வண்டியில் ஆயில் எங்கிருந்து வந்தது?

சேற்றுச்சக்கரம்:
டிரான்ஸ்ஃபர் கேஸில் (கியர் பாக்ஸிலிருந்து வரும் சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரிக்கிற பெட்டி) சீல் மாற்றியும் லீக் நிற்கவில்லை என்று பாதிப் பேர் புலம்புவதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். என் வண்டியில் பின் பக்க அவுட்புட் சீல், அதாவது பின்னால் போகிற ஷாஃப்ட் வெளியே வரும் இடத்தில் ஆயிலை அடைக்கிற வளையம். புதுசு போட்டார்கள், கொஞ்ச நாளில் ஈரம், மறுபடி சீல், மறுபடி ஈரம். சீல் தரமில்லை, கம்பெனி சீல் போடுங்கள் என்றார் மெக்கானிக், அதையும் போட்டாச்சு. ஒருநாள் நன்றாக ஓட்டிவிட்டுப் போய் நிறுத்தினேன், சூடு ஆறுவதற்குள் லெவல் பார்க்கிறேன் என்று மெக்கானிக் ஃபில்லர் பிளக்கை, ஆயில் ஊற்றும் துளையின் மூடியைத் தளர்த்தினார். பிளக் இன்னும் கடைசி மரையில்தான் இருக்கிறது, அதற்குள் புஸ்ஸென்று காற்று சீறி ஆயில் அவர் முழங்கை வரைக்கும் தெறித்தது. மேலே கையை விட்டு, உள்காற்று வெளியேற இருக்கிற ப்ரீதரைத் தடவினால், மூடி இருக்கிற இடமே தெரியாமல் காய்ந்த சேறு. உள்ளே சூடாகி விரிகிற காற்றுக்குப் போக வழி இல்லை, சீல் உதட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்திருக்கிறது. ப்ரீதரைச் சுத்தம் செய்து, குழாயை நீட்டி உயரத்தில் கட்டியதோடு சரி, அதே சீல் இன்றும் ஓடுகிறது. அத்தனை தடவை கீழே படுத்த மனிதர் ஒரு தடவைகூட மேலே கை வைக்கவில்லை, அதுதான் இன்னும் ஆறவில்லை.

நாலுசக்கரம்:
ப்ரீதர் சரிதான், ஆனால் எதற்கெடுத்தாலும் ப்ரீதர் என்று ஆரம்பித்துவிடாதீர்கள். என் டிரான்ஸ்ஃபர் கேஸின் அடிப்பக்கம் முழுக்க நனைந்து சொட்டியது. முழு சீல் கிட் போடணும் என்று இறக்கியே விட்டார்கள். இறக்கிக் கீழே வைத்த பிறகு நான் டார்ச் எடுத்துக்கொண்டு படுத்தேன். கியர் பாக்ஸின் மேல் முதுகில், கை நுழையாத சந்தில், தூசி ஒட்டிக் கெட்டியான ஒரு கறுப்புக் கோடு, கியர் பாக்ஸை இன்ஜினோடு இணைக்கிற பெல் ஹவுசிங்கைத் தாண்டி இன்ஜின் வரைக்கும் போகிறது. இன்ஜின் மேல்மூடிக்கு அடியில் இருக்கிற வால்வு கவர் கேஸ்கெட்! இன்ஜின் ஆயில் வழிந்து, ஓடும்போது அடிக்கிற காற்றில் பின்னால் போய், டிரான்ஸ்ஃபர் கேஸில் சேர்ந்து சொட்டியிருக்கிறது. கழற்றிய கேஸ் தரையில் கிடக்கிறது, உள்ளே ஆயில் லெவல் சரியாக இருந்திருக்கிறது. கறுப்பாக இருந்ததை விரலில் தொட்டு யாராவது ஒரு நிமிஷம் பார்த்திருந்தால் போதும். சிவப்பு என்றால் ஏடிஎஃப் (ஆட்டோ கியர் பாக்ஸ் ஆயில்), தேன் நிறத்தில் கந்தக வாடை அடித்தால் கியர் ஆயில், கறுப்பு என்றால் இன்ஜின், அவ்வளவுதான் விஷயம்.

கியர்மாமா:
எனக்கு வெளியில் ஒரு சொட்டு இல்லை. ஆட்டோ கியர் பாக்ஸில் மட்டும் ஆயில் குறைந்துகொண்டே வரும், எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது, ஊற்றிக்கொண்டே இருந்தோம். வேறு வேலைக்காக டிரான்ஸ்ஃபர் கேஸ் ஃபில்லர் பிளக்கைத் திறந்தபோது நிற்காமல் கொட்டியது, அடியில் வைத்த தட்டு நிரம்பித் தரையெல்லாம் ஓடிற்று. ரெண்டுக்கும் நடுவில் இருக்கிற இன்புட் சீல் போய், அங்கிருந்து இங்கே வந்து நிரம்பிக்கொண்டிருந்திருக்கிறது. என் வண்டியில் ரெண்டிலும் ஏடிஎஃப்தான், நிறத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, ரெண்டு லெவலையும் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும். நாலுசக்கரம் கவனிக்க.

பழைய ஜீப்:
என் கதை சின்னது. பின் ஃபிளாஞ்ச் (சக்கரங்களுக்குப் போகிற ஷாஃப்ட்டைப் பூட்டுகிற தட்டு) நடுவில் இருக்கிற நட்டைச் சுற்றி ஈரம், சீல் என்றே எல்லோரும் நினைத்தோம், ஆனால் சீல் உதடு காய்ந்திருந்தது. ஸ்ப்லைன் (ஃபிளாஞ்சும் உள் ஷாஃப்ட்டும் கோத்துக்கொள்கிற பற்கள்) வழியாக உள்ளிருந்து ஊறி நட்டுக்கு அடியில் வந்திருக்கிறது. ஃபிளாஞ்சைக் கழற்றி, நட்டுக்கு அடியில் சீலன்ட் தடவிப் போட்டதும் நின்றது.

சொல்ல வந்தது வேறு. நிறத்தை மட்டும் நம்பாதீர்கள் நாலுசக்கரம், பவர் ஸ்டீயரிங்கிலும் பல வண்டிகளில் ஏடிஎஃப்தான், பழைய ஏடிஎஃப் பழுப்பாகிவிடும், பழைய கியர் ஆயில் கறுத்துவிடும். முதலில் கழுவுங்கள். டிகிரீசர் அடித்து, காய வைத்து, சந்தேகப்படுகிற இடமெல்லாம் பவுடர் தூவி, கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள், முதலில் எங்கே கறுக்கிறதோ அங்கே தேடுங்கள். ஈரத்தின் அடிமட்டத்தைப் பார்க்காதீர்கள், அதன் உச்சியையும் முன்முனையையும் பாருங்கள், ஏனென்றால் ஆயில் கீழேயும் பின்னேயும்தான் போகும். தெரியவில்லை என்றால் யூவி சாயம் ஊற்றி யூவி டார்ச்சில் பார்க்கலாம், மஞ்சள் பச்சையாக ஒளிரும். ஆயிலை வடிக்கும் முன் ஃபில்லர் பிளக் கழறுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், வடித்த பிறகு அது கழறாவிட்டால் வண்டி அங்கேயே நிற்கும். சமதளத்தில் நிறுத்தித்தான் லெவல் பார்க்கணும், ஃபில்லர் துளையின் கீழ் விளிம்பு வரைக்கும், அதற்கு மேல் இல்லை (சில மாடல்களில் வேறு மாதிரி, கையேட்டைப் பாருங்கள்). டிரெயின் பிளக் காந்தத்தில் சாம்பல் நிற மசி இருந்தால் பரவாயில்லை, விரலில் குத்துகிற துணுக்கு இருந்தால் உள்ளே வேலை இருக்கிறது. பிளக்கை இறுக்கும்போது பலத்தைக் காட்டாதீர்கள், கேஸ் பெரும்பாலும் அலுமினியம், மரை போய்விடும். புது சீல் போட்டால் ஷாஃப்ட்டில் சீல் உரசுகிற இடத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், பள்ளம் தட்டினால் எந்த கம்பெனி சீலும் நிற்காது, அதன் மேல் ஸ்லீவ் (மெல்லிய உலோக உறை) ஏற்றணும் இல்லையேல் ஃபிளாஞ்சே மாற்றணும்.

தூசிப்பயணி:
யாரும் கேட்காத பாடமெல்லாம் நடக்கிறது போல. என் விஷயம் சீலே இல்லை. நிறுத்தி வைத்தால் ஒரு சொட்டு வராது, நெடுஞ்சாலையில் போய்விட்டு வந்தால் பின் கதவு முழுக்க மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. எல்லா சீலும் காய்ந்திருக்கிறது. கடைசியில் கேஸின் பின்பாதியில், மேல் பக்கத்தில், குண்டூசி முனை அளவுக்கு ஒரு துளை. உள்ளே இருக்கிற ஆயில் பம்ப் அசைந்து அசைந்து, அதன் ஓரத்தில் நீட்டியிருக்கிற காது மெக்னீசியம் சுவரை உள்பக்கத்திலிருந்தே அரித்திருக்கிறது. ஆயில் லெவலுக்கு மேலே இருக்கிற துளை, அதனால் ஓடும்போது தெறித்தால்தான் வெளியே வரும். விரலால் தடவும்போதுகூடத் தெரியவில்லை, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தபோது ஒரு கறுப்புப் புள்ளி பளபளத்தது.

நாலுசக்கரம்:
பழைய ஜீப், நான் எங்கே கழுவ வேண்டாம் என்றேன்? கறுப்பு என்பது முதல் சந்தேகத்துக்கு. அப்புறம் பவுடரெல்லாம் மழையில் ஓட்டுகிறவனுக்கு உதவாது.

மண்வாசம்:
யாரும் ஹேண்ட் பிரேக் பற்றிப் பேசவில்லையே. பின் அவுட்புட்டிலேயே ஹேண்ட் பிரேக் டிரம் இருக்கிற வண்டிகள் உண்டு, லேண்ட் ரோவரின் எல்டி230 டிரான்ஸ்ஃபர் கேஸ் போட்டவை மாதிரி. எனக்கு முதலில் தெரிந்தது லீக்கே இல்லை, சரிவில் ஹேண்ட் பிரேக் பிடிக்கவில்லை. கேபிளை இறுக்கிக்கொண்டே இருந்தார்கள். டிரம்மைக் கழற்றினால் பிரேக் ஷூ ரெண்டும் ஆயிலில் ஊறி மினுமினுக்கிறது. வெளியில் சொட்டாது, டிரம் தேக்கி வைத்துக்கொள்ளும்.

மேட்டுவழி:
கேட்கணும் என்றுதான் வந்தேன். செயின் வகை கேஸ், அதாவது முன் ஷாஃப்ட்டுக்குச் செயின் மூலம் சக்தி போகிறது. காலையில் எடுக்கும்போது முன் ஷாஃப்ட் பக்கம் தரையில் ஒரு கறை, ஓட்டும்போது பெரிதாக இல்லை. ப்ரீதர் ஊதிப் பார்த்தேன், திறந்திருக்கிறது. முன் அவுட்புட் சீல்தானே?

கியர்மாமா:
செயின் வகையில் பெரும்பாலும் முன் அவுட்புட் தாழ்வாக இருக்கும், ஆயிலுக்குள்ளேயே கிடக்கும், அதனால் நிற்கும்போதே கசியும். பின் அவுட்புட் உயரத்தில், அது ஓடினால்தான் காட்டும். உங்களுடையது சீலாக இருக்கலாம். ஆனால் சீல் வாங்குவதற்கு முன் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டு ஃபிளாஞ்சை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், ஆடினால் பேரிங் தேய்ந்திருக்கும், புது சீலும் நிற்காது.

மேட்டுவழி:
ஆட்டினேன். டக் டக்கென்று நன்றாகவே ஆடுகிறது. சீல் ஏற்கெனவே வாங்கி வைத்துவிட்டேன், சரி, பேரிங்கையும் சேர்த்துத்தான் இனி.