முந்திரி போட்டுக் கெடுத்த அல்வா: உங்களுக்கும் இப்படி ஒன்று உறுத்திக்கொண்டு இருக்கிறதா?

செல்லூர் மருமகள்:

பொங்கல் முடிந்து மூன்று வாரம் ஆகிறது, இன்னும் மண்டைக்குள் ஓடுகிறது. எழுதிவிட்டால் போய்விடும் என்று எழுதுகிறேன்.

பொங்கலுக்கு வாங்கிய மஞ்சள் பூசணி பாதி மிச்சம் இருந்தது. (பரங்கிக்காய் என்பவர்கள் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், எங்கள் வீட்டில் அது பூசணிதான்.) காணும் பொங்கலன்று மாமனார் வழிச் சொந்தம் பதினாலு பேர் சாப்பாட்டுக்கு வந்தார்கள். துருவி, நெய்யில் வதக்கி, விட்ட தண்ணீரிலேயே வேகவைத்து, சர்க்கரை, ஏலக்காய். பதம் அப்படி வந்தது, கரண்டியைத் தூக்கினால் ஒட்டாமல் வழுக்கி விழுந்தது. தீபாவளிக்கு வாங்கி அடுப்பு மேடை டப்பாவில் கிடந்த முந்திரியை நெய்யில் பொரித்துக் கொட்டினேன். ஒன்றை வாயில் போட்டுப் பார்த்திருக்கலாம். போடவில்லை.

மாமா ஒன்றும் சொல்லவில்லை. இலையில் வைத்த அல்வாவை முழுக்கச் சாப்பிட்டார். அவர் இலையை மடிக்கும்போதுதான் பார்த்தேன், உப்பு வைக்கிற மூலையில் முந்திரி வரிசையாக இருந்தது. எண்ணினேன், பதினொன்று. உருளியில் ஒட்டியிருந்த ஒன்றை எடுத்துக் கடித்தேன். காறல். பழைய எண்ணெய் டின்னுக்குள் மூக்கை விட்ட மாதிரி. அப்படியானால் மற்ற பதிமூன்று பேரும் அதை மென்று விழுங்கியிருக்கிறார்கள்! யாராவது திட்டியிருந்தால் கூடத் தேவலை.

திருமங்கலம் பக்கம்:

அக்கா, உங்களுக்காவது காறல். எனக்குக் கசப்பு.

வேலியில் படர்ந்த சுரைக்கொடி, நாங்கள் விதை போட்டது கூட இல்லை. போன ஐப்பசி மழையில் நாலைந்து காய் தொங்கியது. தங்கச்சி ஊரிலிருந்து வருகிறாள் என்று சுரைக்காய் அல்வா செய்ய இறங்கினேன். ராத்திரியே ஐம்பது பாதாம் ஊறப்போட்டு, காலையில் நகக்கண் வலிக்க ஒவ்வொன்றாகத் தோல் உரித்து, அம்மியில் அரைத்தேன். சுரைக்காயைத் துருவிப் பாலில் போட்டுச் சுண்டவிட்டாயிற்று. சர்க்கரை போடும் நேரம் அப்பத்தா வந்தது. மீதி இருந்த பச்சைத் துண்டில் நுனியைக் கடித்தது. அடுத்த நொடி "தூ" என்று துப்பிவிட்டு, சேலை முந்தானையால் சட்டியைப் பிடித்து இறக்கிக் கீழே வைத்துவிட்டது. எண்பது வயதில் அந்த வேகத்தை நான் பார்த்ததில்லை.

சர்க்கரை போட்டால் கசப்பு போய்விடும் என்றேன். "கசப்பு போகும், நீ இருக்க மாட்டே" என்றது. மாட்டுத் தொட்டியில் ஊற்றப் போனேன், கையைப் பிடித்துவிட்டது. கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தோம், ஐம்பது பாதாமோடு.

அப்புறம்தான் விசாரித்தேன். சுரை, வெள்ளரி, பீர்க்கு வகையில் குக்கர்பிட்டசின் என்று ஒரு நஞ்சு உண்டு. கசப்பு ஏறிய காயில் அது மிகுதி. வேகவைத்தாலும் போகாது. வயிற்றுக்குள் போனால் வாந்தி, பேதி, சிலருக்கு ரத்த வாந்தி வரை. கசக்கிற சுரைக்காய்ச் சாற்றைக் குடிக்கவே கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் குழு சொல்லியிருக்கிறது. நான் சர்க்கரையைக் கொட்டி ருசி பார்த்திருந்தால் கசப்பே தெரிந்திருக்காது என்பதுதான் இன்றைக்கும் தூக்கத்தில் வருகிறது. தங்கச்சி ஒரு தட்டு முழுக்கச் சாப்பிடுகிறவள்.

பழைய மளிகைக்காரன்:

செல்லூர் தங்கச்சி முந்திரி மேல் பழி போடுவதை ஒத்துக்கொள்ள முடியாது. கீழமாசி வீதியில் பத்தொன்பது வருடம் மளிகையில் நின்றவன் சொல்கிறேன். முந்திரி தானாகக் கெடாது, நாம்தான் கெடுக்கிறோம். அடுப்பு மேடையில் சூடு, டப்பாவுக்குள் காற்று, மூன்று மாசம். பருப்பில் இருக்கிற எண்ணெய் அப்புறம் காறாமல் என்ன செய்யும்? நீங்கள் வாங்கியது உடைத்த முந்திரியாகத்தான் இருக்கும். உடைந்ததில் காற்றுப் படும் இடம் கூடுதல், முழுப் பருப்புக்கு முன்னால் அதுதான் கெடும். கடையில் டபிள்யூ 320 என்று கேளுங்கள். முழு வெள்ளைப் பருப்பு, ஒரு பவுண்டுக்கு, அதாவது 454 கிராமுக்கு, 300 முதல் 320 வரை நிற்கும். 240 என்றால் அதைவிடப் பெரிசு, விலையும் பெரிசு. பூசணி அல்வாவுக்கு அது வீண். வாங்கியதும் இறுக மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள்.

பொரிக்கும்போது சிறு தீ. பொன்னிறம் வரும் வரை காத்திருக்காதீர்கள், லேசாக நிறம் மாறும்போதே அரித்து எடுத்துவிடுங்கள். எடுத்த பிறகும் உள்ளே இருக்கிற சூட்டில் இன்னும் கொஞ்சம் சிவக்கும். அப்புறம் ஒன்று, சர்க்கரையைக் காய் நன்றாக மசிந்த பிறகுதான் போட வேண்டும். முன்னாலேயே போட்டால் துருவல் அப்படியே விறைத்துக்கொண்டு நிற்கும், பிறகு எத்தனை நேரம் கிளறினாலும் மசியாது. கேரட்டுக்கும் பீட்ரூட்டுக்கும் இதே கணக்குதான். வெண்பூசணி என்றால் துருவிப் பிழிந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள், அதிலேயே வேகவிடுங்கள்.

என் அனுபவம்? ஒரு தடவை பாயசத்தில் பால் கொதிக்கும்போதே வெல்லத்தைப் போட்டேன், திரிந்துவிட்டது. அவ்வளவுதான்.

விளாங்குடி:

சிரிக்காதீர்கள். கல்யாணமான புதிதில் பாதாம் பிசினைப் பாதாம் பருப்பின் விழுது என்று நினைத்துவிட்டேன். மதுரையில் பிறந்து, வாரம் ஒரு ஜிகர்தண்டா குடித்து வளர்ந்தவள்! அது பாதாம் மரத்துப் பிசின் என்று தெரியவில்லை. கேரட் அல்வாவில் சேர்க்கலாம் என்று ராத்திரி ஒரு கைப்பிடி ஊறப்போட்டேன். காலையில் பாத்திரம் நிறைந்து, மேடையில் வழிந்து, சிங்க்கில் கொழகொழவென்று இறங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் பல் துலக்க வந்தவர் அதைப் பார்த்துவிட்டு, "இதுக்கு உயிர் இருக்கா?" என்று கேட்டார். இன்றுவரை விருந்தாளி வந்தால் அந்தக் கதைதான்.

உசிலம்பட்டி அத்தை:

இது வரை எழுதியதெல்லாம் படித்தேன். நான் சொல்லப்போவது கொஞ்சம் வேறு.

மார்கழிக் கத்தரிக்காய், பிஞ்சு, காம்போடு. நாலாகக் கீறி எண்ணெய்க் குழம்பு வைத்தேன். எங்கள் பக்கம் மானாவாரிக் கடலை, வீட்டில் எப்போதும் இருக்கும். வறுத்து, தோல் ஊதி, மிளகாய் மல்லியோடு பொடித்துக் காய்க்குள் அடைப்பேன். பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்களின் பையன், நாலு வயது, "பெரியம்மா எனக்கு" என்று வந்து உட்கார்ந்தான். ரெண்டு வாய்தான் சாப்பிட்டிருப்பான். உதட்டைச் சொறிந்தான். காரம் என்று நினைத்து மோர் கொடுத்தேன். மேல் உதடு தடித்துவிட்டது, கண் இமை வீங்கிவிட்டது.

அவன் அம்மா ஓடி வந்து, "கடலை போட்டிருக்கீங்களா?" என்று கேட்டாள். "இல்லைம்மா, பொடிதான்" என்றேன்.

பொய் சொல்லவில்லை. எனக்குக் கடலை என்றால் முழுசாக இருப்பது. பொடி என்றால் பொடி. அந்த ஒரு வார்த்தையால் அவள் வேறு எதையோ தேடிக்கொண்டு நின்றாள். என் வீட்டுக்காரர்தான் உள்ளேயிருந்து, "அந்தப் பொடியே கடலைதானே" என்று கத்தினார். வண்டியில் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஊசி போட்டார்கள். பிழைத்துக்கொண்டான்.

பழைய மளிகைக்காரன்:

மதினி, கடலை உண்மையில் கொட்டைப் பருப்பே கிடையாது, மொச்சை துவரை மாதிரி பயறு வகை. மண்ணுக்குள் காய்ப்பதால் நாம் அப்படிச் சொல்வதில்லை. அந்தப் பையனுக்கு இனிமேல் கடலைக்குப் பதில் முந்திரிப் பொடி அடைத்துக் கொடுங்கள், ஒன்றும் செய்யாது. ருசியும் கூடும். 50 கிராம் போதும்.

உசிலம்பட்டி அத்தை:

அண்ணே, உங்கள் கணக்கெல்லாம் கடையோடு வைத்துக்கொள்ளுங்கள். கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளில் சிலருக்கு முந்திரி, பாதாமும் ஒத்துக்கொள்ளாதாம். பரிசோதனை செய்து பார்க்கிற வரை எதையும் கொடுக்காதீர்கள் என்றுதான் டாக்டர் சொன்னார். பயறா பருப்பா என்பது உங்களுக்கும் எனக்கும்தான் வேறு, அவன் உதட்டுக்குத் தெரியாது.

செல்லூர் மருமகள்:

அத்தை, உங்கள் கதைக்கு முன்னால் என் முந்திரி ஒன்றுமே இல்லை. நேற்று டப்பாவைக் காலி செய்துவிட்டேன். மாமாவிடம் கேட்டும் விட்டேன், ஏன் மாமா சொல்லவில்லை என்று. "அல்வா நல்லாத்தானே இருந்துச்சு" என்றார். முந்திரியைப் பற்றி இப்போதும் பேச்சே இல்லை. பையன் இப்போது எப்படி இருக்கிறான்?

உசிலம்பட்டி அத்தை:

நன்றாக இருக்கிறான் தாயி. வீட்டுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறான். முன்னெல்லாம் நேரே அடுப்படிக்குள் வந்து உட்காருவான். இப்போது நிலைப்படியிலேயே நின்றுகொண்டு, "பெரியம்மா, இன்னைக்குப் பொடி போட்டிருக்கீங்களா?" என்று கேட்கிறான்.