2018 கிளாசிக் 350-ஆ, 2021 அப்பாச்சி 200-ஆ? தினமும் துவாக்குடி, ஞாயிறு கொல்லிமலை

ஸ்ரீரங்கத்துப் பையன்:
எல்லாருக்கும் வணக்கம். பத்து நாளா ரெண்டு வண்டிக்கு நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கிறேன். அனுபவம் உள்ளவங்க வழி சொல்லுங்க.

வீடு ஸ்ரீரங்கம். வேலை துவாக்குடியில ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனி. காவிரிப் பாலம், பால்பண்ணை, அரியமங்கலம், திருவெறும்பூர்னு போக 23 கி.மீ., வர 23. மாசம் 25 நாள். இப்ப ஓட்டுறது அப்பாவோட பழைய 100 சிசி. பின்னாடி பஸ் ஹாரன் அடிச்சா ஒதுங்கக்கூட அதுல இழுவை இல்ல. மாசத்துல ரெண்டு ஞாயிறு மனைவியோட முசிறி, தொட்டியம், நாமக்கல் வழியா கொல்லிமலை போகணும்னு ஆசை.

பட்ஜெட் 1 லட்சம். பார்த்து வச்சிருக்கிறது ரெண்டு:

ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350, 2018 மார்ச், டி.என். 45. பழைய வண்டி விக்கிற ஒரு கன்சல்டிங்ல நிக்குது. மீட்டர் 21,000. ரெண்டாவது ஓனர். கேக்குறது 1,08,000. ஏ.பி.எஸ். (சடன் பிரேக்ல சக்கரம் பூட்டிக்காம தடுக்கிறது) கிடையாது. பார்க்கப் புதுசு மாதிரி பளபளன்னு இருக்கு.

அப்பாச்சி ஆர்.டி.ஆர். 200 4வி, 2021 பிப்ரவரி, டி.என். 48. லால்குடியில ஒரு ஸ்கூல் வாத்தியார்கிட்ட இருக்கு, ஒரே ஓனர். மீட்டர் 34,000. ஏ.பி.எஸ். உண்டு. 90,000 சொல்றார். டேங்க்ல ஒரு கீறல், செயின் சத்தம் போடுது.

எங்கப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில ஃபிட்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். முப்பது வருஷமா புல்லட் வாங்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்துட்டு, எங்க படிப்புக்காக வாங்காமலே விட்டுட்டார். கிளாசிக்கைப் பார்த்ததும் அவர் முகம் மாறினதை நான் பார்த்தேன். பணத்துல 40,000 அவர் தர்றார். அதனால எனக்கு இது வெறும் மைலேஜ் கணக்கா தெரியல. ஆடி முடியட்டும்னு அம்மா சொல்லிட்டாங்க, ரெண்டு வாரம் இருக்கு. சொல்லுங்க.

கொல்லிமலை ஞாயிறு:
ப்ரோ, ரெண்டு வண்டியிலயும் கொல்லிமலை ஏறியிருக்கேன், அதைச் சொல்றேன்.

பேப்பர்ல பவர் கிட்டத்தட்ட ஒண்ணு, ரெண்டும் 20 குதிரைத்திறனை ஒட்டித்தான். ஆனா அது வர்ற இடம் வேற. கிளாசிக்கோட 346 சிசி இன்ஜின் 28 நியூட்டன் மீட்டர் டார்க்கை, அதாவது இழுவையை, 4,000 ஆர்.பி.எம்.லயே கொடுத்துடும். அப்பாச்சிக்கு 17 சொச்சம், அதுவும் 7,000 தாண்டினாத்தான். காரவள்ளியில ஆரம்பிச்சு 70 கொண்டை ஊசி வளைவு. கிளாசிக்ல ரெண்டாவது கியரைப் போட்டுட்டு ஆள் பின்னாடி இருக்கிறதே தெரியாம ஏறலாம். அப்பாச்சியில ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு கியர் இறக்கி, இன்ஜினைக் கத்த விட்டு ஏறணும். ஓட்டுறவனுக்குச் சந்தோஷம்தான், பின்னாடி இருக்கிறவங்களையும் ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

இறங்கும்போது கதை தலைகீழ். கிளாசிக் 190 கிலோவுக்கு மேல, அப்பாச்சி 150 பக்கம். 40 கிலோ வித்தியாசம் ஏறும்போது தெரியாது. இறங்கும்போது, வளைவுல மண் சிந்திக் கிடந்து எதிர்ல டெம்போ வந்தா, அப்ப தெரியும். ஏ.பி.எஸ். இல்லாத கனமான வண்டியில மழைக்கால கொல்லிமலை எனக்குப் பயம். 2019 ஏப்ரல்லருந்து 125 சிசிக்கு மேல உள்ள எல்லாப் புது வண்டிக்கும் அதைக் கட்டாயம் ஆக்கினாங்க. நீங்க பார்த்த கிளாசிக் அதுக்கு முந்தினது.

இன்னொண்ணு, ஸ்போக் வீல், உள்ள டியூப். செம்மேட்டுக்கு மேல பஞ்சரானா வீலைக் கழட்டித்தான் ஆகணும். அப்பாச்சி டியூப்லெஸ், ஆணியோடவே காத்தை அடிச்சு நாமக்கல் வரைக்கும் இறங்கிடலாம்.

பின்சீட் பயணி:
தம்பி, உங்க மனைவி உட்கார்ந்து பார்த்தாங்களா? நீங்க எழுதினதுல அது இல்லை. பன்னிரண்டு வருஷமா பின்சீட்டில் பயணம் செய்கிறவள் என்ற முறையில் கேட்கிறேன்.

அப்பாச்சி மாதிரி ஸ்ப்ளிட் சீட் வண்டியில் பின்சீட் ஒரு படி உயரம், அகலமும் குறைவு. பிரேக் போடும்போதெல்லாம் முன்னால் சரிவோம். ஒரு மணி நேரம் ஆனதும் இடுப்பு பிடிக்க ஆரம்பிக்கும். எங்கள் வீட்டில் சீட்டுக்கடைக்காரரிடம் கொடுத்துப் பின்சீட்டைக் கொஞ்சம் அகலமாக்கி, ஃபோம் மாற்றினோம். அதற்குப் பிறகு ஏற்காடு வரை போய் வந்தாச்சு. அவங்களை இரண்டு வண்டியிலும் அரை மணி நேரமாவது உட்கார வைத்து ஓட்டிப் பாருங்க. தெருமுனை வரை போய்த் திரும்பினால் ஒன்றும் தெரியாது.

தஞ்சாவூர் ரோடு:
நானும் தினம் அதே ரோடு, திருவெறும்பூர்ல ஏறுவேன். சாயங்காலம் பால்பண்ணையில நிக்கிற நிலையில கிளட்ச்சைப் பிடிச்சுப் பிடிச்சு இடது கை செத்துப் போகும். சித்திரை வெயில்ல ஏர் கூல்டு பெரிய இன்ஜின் கால் பக்கம் அனல் அடிக்கும். அப்பாச்சி ஆயில் கூல்டு, ஆனா அதுவும் சூடாகத்தான் செய்யும். ஐஸ் மாதிரி இருக்கும்னு நினைக்காதீங்க.

மைலேஜ் பத்திப் பயப்படாதீங்க. மாசம் 1,150 கி.மீ. கிளாசிக் 35 தந்தா 33 லிட்டர், அப்பாச்சி 40 தந்தா 29 லிட்டர். நாலு லிட்டர்தான் வித்தியாசம், நானூறு ரூபாய் சொச்சம். அதுக்காக ஒரு வண்டியை வேண்டாம்னு சொல்ல மாட்டேன். தினம் 46 கி.மீ.ல உடம்பு என்ன சொல்லுதுங்கிறதுதான் கணக்கு. 23 கி.மீ. வேலைக்குப் போயி, எட்டு மணி நேரம் நின்னு, திரும்ப 23 வரணும். லேசான வண்டியே என் ஓட்டு.

பாலக்கரை ஷெட்:
தம்பி, நான் இருபத்தாறு வருஷமா ரெண்டு சக்கரம் பார்க்கிறேன். மேல சொன்னவங்க மாடலைப் பத்திச் சொன்னாங்க, எல்லாம் சரி. ஆனா செகண்ட் ஹேண்ட்ல மாடலுக்குப் பாதி மார்க்குதான். மீதிப் பாதி அதை ஓட்டினவன் எப்படி வச்சிருந்தாங்கிறதுல இருக்கு. எந்த வண்டியை எடுக்கிறதுன்னு இப்ப முடிவு பண்ணாதீங்க, ரெண்டையும் போய்ப் பாருங்க. எப்படிப் பார்க்கணும்னு சொல்றேன்.

காலையில போங்க. சொல்லாம போனா இன்னும் நல்லது. போனதும் ஸ்டார்ட் பண்ணாதீங்க, முதல்ல இன்ஜின் மேல கையை வைங்க. சூடா இருந்தா உங்களுக்கு முன்னாடியே யாரோ ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்காங்கன்னு அர்த்தம். சூடாகாத பச்சை இன்ஜின் ஸ்டார்ட் ஆகுற விதத்துலதான் அதோட ஜாதகம் இருக்கு. கிளாசிக் 2018 கார்புரேட்டர், சோக் போட்டு எடுக்கலாம், தப்பில்ல. அப்பாச்சி பி.எஸ்.6, கார்புரேட்டருக்குப் பதிலா எஃப்.ஐ. (ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன்), ஒரே செல்ஃப்ல பிடிக்கணும். ஸ்டார்ட் ஆனதும் சைலன்சர் பின்னாடி நில்லுங்க. நீலப் புகை நிக்காம வந்தா இன்ஜின் ஆயில் எரியுது, கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க.

அடுத்தது மீட்டர். 21,000-ங்கிறது வெறும் நம்பர். ஃபுட்ரெஸ்ட் ரப்பர், பிரேக் பெடல், சாவித் துவாரம், ஹேண்டில் கிரிப், இது நாலும் பொய் சொல்லத் தெரியாதது. பெடல் வழுவழுன்னு தேஞ்சு கிடந்து மீட்டர் 21,000 காட்டினா உஷாரா இருங்க. டயர் பக்கவாட்டுல நாலு நம்பர் அச்சடிச்சிருக்கும், 4817-னா 2017-ல 48-வது வாரம் செஞ்சது. 21,000 ஓடின வண்டியில ரெண்டு டயரும் போன வருஷத்துதா இருந்தா, பழசு எங்க போச்சுன்னு கேளுங்க.

விழுந்த வண்டியான்னு பார்க்கணும்னா பெயிண்ட்டைப் பார்க்காதீங்க. ஹேண்டிலை முழுசா ஒடிச்சா ஃபிரேம்ல போய் முட்டுற ஸ்டாப்பர் ஒண்ணு இருக்கும். குனிஞ்சு டார்ச் அடிச்சுப் பாருங்க. முன்னாடி பலமா அடிபட்ட வண்டியில அது மடங்கியிருக்கும், இல்ல திரும்ப வெல்டு அடிச்சிருப்பாங்க. முன் வீலைத் தூக்கிட்டு ஹேண்டிலை ஒரு விரலால தள்ளுங்க. நடுவுல 'டக்'னு ஒரு இடத்துல உட்கார்ந்தா ஹேண்டில் திரும்புற பேரிங், அதான் கோன் செட், போச்சு. அது சின்ன செலவு, பேரம் பேசுங்க. ஸ்டாப்பர் வெல்டு பேரத்துக்கு இல்ல.

செயின் சத்தம்னு சொன்னீங்க. பின் ஸ்ப்ராக்கெட்டோட (செயின் ஓடுற பல் சக்கரம்) கடைசிப் பல்லுல செயினைப் பிடிச்சு வெளியே இழுங்க. பாதிப் பல் தெரிஞ்சா செட்டே மாத்தணும். 34,000 ஓடின வண்டிக்கு அது நோய் கிடையாது, வயசு.

அப்பா ஃபிட்டர்ங்கிறீங்க. நீங்க என்னைக் கூப்பிட வேண்டாம், அவரைக் கூட்டிட்டுப் போங்க.

ஃபைல்காரர்:
வண்டி பற்றி நண்பர்கள் சொல்லிவிட்டார்கள். நான் பேப்பர் பற்றி மட்டும்.

பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். எத்தனையாவது ஓனர், எச்.பி. (வண்டி மேல் உள்ள கடன் பதிவு) நிலுவையா, இன்சூரன்ஸ் எதுவரை, எல்லாம் வந்துவிடும். அபராதம் நிலுவையில் இருக்கிறதா என்பதை இ-சலான் பக்கத்தில் தனியாகப் பார்க்க வேண்டும். விற்பவர் கையில் உள்ள ஆர்.சி.யில் இருக்கும் சேசிஸ் எண்ணை வண்டியில் உள்ளதோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள்.

எச்.பி. இருந்தால் 'லோன் முடிச்சாச்சு சார்' என்ற வாய்ச்சொல் போதாது. வங்கியின் என்.ஓ.சி.யும், வங்கி கையெழுத்திட்ட படிவம் 35-உம் வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு மாதக்கணக்கில் அப்படியே ஓட்டுகிறவர்கள் உண்டு. நடுவில் ஒரு விபத்து என்றால் இருவருக்கும் தலைவலி.

இன்சூரன்ஸ்: 2018 செப்டம்பரிலிருந்து புதிதாக எடுத்த எல்லா இரு சக்கர வண்டிக்கும் 5 வருட தேர்ட் பார்ட்டி கட்டாயம். ஆகவே அப்பாச்சிக்கு 2021 பிப்ரவரியிலிருந்து 5 வருடத்துக்கு எடுத்திருக்க வேண்டும், பாலிசியைக் கேட்டு வாங்கி எதுவரை என்று பாருங்கள். கிளாசிக் அதற்கு முந்தியது, அந்தந்த வருடம் கட்டியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். பாலிசியை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். பழைய ஓனரின் நோ க்ளைம் போனஸ் உங்களுக்கு வராது.

ஸ்ரீரங்கத்துப் பையன்:
போயிட்டு வந்துட்டேன், அப்பாவும் வந்தார்.

முதல்ல கன்சல்டிங். காலை ஏழரைக்குப் போனோம். கடைப் பையன் அப்பத்தான் ஷட்டரைத் தூக்குறான். இன்ஜின் பச்சையாத்தான் இருந்துச்சு, சோக் போட்டதும் பிடிச்சது, சத்தம் அருமை. அப்பா உட்கார்ந்து ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்தார். இறங்கும்போது ஒண்ணும் பேசல. அவர் சரின்னு சொல்லிடுவார், நானும் சரின்னு சொல்லிடுவேன்னு நினைச்சேன்.

அப்புறம் சட்டைப் பையில இருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கிட்டு முன்னாடி குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஹேண்டிலை ஒடிக்கச் சொன்னார். டார்ச் அடிக்கக்கூட விடல, கட்டைவிரலை உள்ள விட்டுத் தடவிப் பார்த்தார். ஒரு பக்கம் தடவி, மறு பக்கம் தடவி, திரும்ப முதல் பக்கம். "இந்தப் பக்கம் வெல்டு அடிச்சு கிரைண்ட் பண்ணி பெயிண்ட் விட்டிருக்கான். ஃபேக்டரி வெல்டு இப்படி இருக்காது"ன்னார். நான் டார்ச் அடிச்சு ரெண்டு நிமிஷம் பார்த்த பிறகுதான் எனக்கே தெரிஞ்சுது. ரெண்டு டயரும் 2024. பிரேக் பெடல்ல கோடே இல்ல. கேட்டா "நாங்களே இப்படித்தான் வாங்கினோம்"னு சொன்னாங்க.

அப்பா கையைத் துடைச்சுக்கிட்டு "வாடா, லால்குடி போவோம்"னு நடந்துட்டார். எனக்குத்தான் தொண்டையை அடைச்சுது.

வாத்தியார் எல்லா சர்வீஸ் பில்லையும் தேதி வாரியா ஃபைல் போட்டு வச்சிருக்கார். டேங்க்ல கீறல் சைக்கிள் சாஞ்சதால வந்ததுன்னு அவரே சொன்னார். செல்ஃப் ஒரே அடி. செயினை இழுத்தா பாதிப் பல்லுக்கு மேலயே தெரிஞ்சுது. முன் சக்கரத்தைத் தாங்குற ஃபோர்க்ல இடது பக்கம் ஆயில் கசிவு. ஸ்டாப்பர் சுத்தம். மனைவியை உட்கார வச்சு பூவாளூர் வரைக்கும் போயிட்டு வந்தேன். சீட்டை மாத்தினா வர்றேன்னு சொல்லிட்டா. லோன் முடிஞ்சிருக்கு, ஆனா எச்.பி. எடுக்கல. 82,000-க்கு ஒத்துக்கிட்டார், 5,000 அட்வான்ஸ். எச்.பி. கேன்சல் ஆனதும் மீதி. பாலக்கரை அண்ணே, எச்.பி. முடியிற வரைக்கும் செயின் செட்டை மாத்தாம இருக்கலாமா? அப்புறம் முதல் ஞாயிறே கொல்லிமலை போகலாமா?

பாலக்கரை ஷெட்:
பேர் மாறாத வண்டியில உங்க காசைப் போடாதீங்க, ஓட்டவும் வேண்டாம். ஆர்.சி. கைக்கு வந்த அன்னிக்கே செயின் செட், ஃபோர்க் ஆயில் சீல், இன்ஜின் ஆயில், ஃபில்டர், பிரேக் பேட் அஞ்சையும் முடிச்சுடுங்க. சீல் மாத்தும்போது ரெண்டு பக்கமும் சேர்த்து மாத்துங்க. கசிஞ்ச ஆயில் பிரேக் டிஸ்க்ல இறங்கியிருக்கான்னு பார்க்கச் சொல்லுங்க. முதல் ரெண்டு வாரம் துவாக்குடி மட்டும். பிரேக் எங்க பிடிக்குது, ஏ.பி.எஸ். துடிக்கும்போது கையில எப்படி இருக்குன்னு பழகிட்டு, அப்புறம் துறையூர் வழியா பச்சைமலை. கொல்லிமலை அதுக்குப் பிறகு.

அப்பாவுக்கு என் வணக்கம் சொல்லுங்க.

ஸ்ரீரங்கத்துப் பையன்:
சரிங்கண்ணே. அப்பா பக்கத்துலதான் இருக்கார், படிச்சுக் காட்டினேன். ஃபோர்க்கைக் கழட்டும்போது தானும் ஷெட்டுக்கு வந்து நிக்கணுமாம். எந்தக் கிழமை வரலாம்?