மிருகம் பேசுமா? வளவு உறவினர் குழுவில் ஒரு விவாதம்

உமையாள்: 🎥 மயில் அகவினால் டைகர் குரைக்கிறது, டைகர் குரைத்தால் மயில் பதில் சொல்கிறது. இதுவும் பேச்சுதானே?

மீனாள் அயித்தை: பின்னே? நான் சொல்வதெல்லாம் டைகருக்குப் புரியும். உங்கள் மாமாவுக்குத்தான் புரியாது.

சொக்கலிங்கம் மாமா: நானும் இந்தக் குழுவில்தான் இருக்கிறேன் 😀

அண்ணாமலை: அயித்தை, புரிந்துகொள்வது வேறு, பேசுவது வேறு. ஆப்பிரிக்காவில் வெர்வெட் குரங்குக்குச் சிறுத்தை வந்தால் ஒரு சத்தம், கழுகுக்கு வேறு, பாம்புக்கு வேறு. சிறுத்தைச் சத்தம் கேட்டால் மற்றவை மரத்தில் ஏறிவிடும். ஆனால் “நேற்று வந்த சிறுத்தை” என்று கதை பேச அதனால் முடியாது.

உமையாள்: அண்ணே, தேனீ? பூ தூரத்தில் இருக்கும், இது கூட்டுக்குள் ஆடியே இடத்தைச் சொல்லிவிடுமே!

அண்ணாமலை: நல்ல கேள்வி. அதைக் கண்டறிந்த கார்ல் வான் ஃபிரிஷுக்கு 1973இல் நோபல் பரிசு. செங்குத்தாகத் தொங்கும் அடையில் நேர் மேலே ஆடினால் சூரியன் இருக்கும் திசை, சாய்ந்து ஆடினால் அந்த அளவுக்கு விலகிப் போக வேண்டும். அதிக நேரம் ஆடினால் அதிக தூரம். எதிரில் இல்லாததைச் சொல்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் “போன வருஷம் அங்கே தேன் கூடுதல்” என்று அந்த ஆட்டத்தில் சொல்ல வராது.

சொக்கலிங்கம் மாமா: கொண்டுவிற்கப் போன எங்கள் ஐயா ரங்கூனிலிருந்து எழுதிய கடிதம் இன்னும் பெட்டகத்தில் இருக்கிறது. “தேக்கு கப்பலில் ஏற்றியாயிற்று, முகப்பில் வலப்பக்கம் இரண்டாவது தூணாக நிறுத்தவும்.” அப்போது வீட்டுக்கு அஸ்திவார வானம்கூடத் தோண்டவில்லை!

மீனாள் அயித்தை: அந்தத் தூணுக்காகப் பங்காளிகள் போட்ட சண்டையையும் சொல்லுங்கள்.

அண்ணாமலை: மாமா, இதைத்தான் சொல்ல வந்தேன். இல்லாத வீட்டில் இல்லாத தூணுக்கு இடம் குறித்திருக்கிறார் ஐயா!

நாச்சம்மை ஆச்சி (அக்கா முறை, சிங்கப்பூர்): தம்பி, சிம்பன்சிக்குச் சைகை மொழி கற்றுக்கொடுத்தார்களே?

அண்ணாமலை: நிம் சிம்ப்ஸ்கி, ஆச்சி. மொழியியலாளர் நோம் சாம்ஸ்கியைக் கிண்டல் செய்து வைத்த பெயர். நூற்றுக்கு மேல் சைகை கற்றது. அது செய்த மிக நீளமான கோவை 16 சைகை: “கொடு ஆரஞ்சு நான் கொடு தின் ஆரஞ்சு நான் தின்…” கடைசி வரை இதே பல்லவி. ஆய்வை நடத்திய ஹெர்பர்ட் டெரஸே 1979இல் ஒப்புக்கொண்டார்: பதிவுகளைப் பார்த்தால் பெரும்பாலும் பயிற்சியாளரின் கையைப் பார்த்துச் செய்ததுதான், வாக்கியம் இல்லை.

நாச்சம்மை ஆச்சி (சிங்கப்பூர்): என் மகனுக்கு 2 வயது. நேற்று காலிக் கிண்ணத்தைக் காட்டி, “பூனை தின்னுடுச்சு” என்கிறான். எங்கள் வீட்டில் பூனையே கிடையாது!

உமையாள்: 😂 அப்படியென்றால் பொய் மனுஷனுக்கு மட்டும்தானா?

அண்ணாமலை: அதிலும் போட்டி இருக்கிறது. கலஹாரியில் ஒரு கரிச்சான் குருவி, ஆபத்து இல்லாதபோதே அபாயக் குரல் கொடுக்கும். மற்றவை இரையைப் போட்டுவிட்டு ஓடியதும் இது தூக்கிக்கொண்டு போய்விடும்.

மீனாள் அயித்தை: நிலத் தரகு வேலைக்கு வைத்தால் ஊரையே விற்றுவிடும் போலிருக்கிறதே.

சொக்கலிங்கம் மாமா: விற்கும். பத்திரம் எழுத ஆள் வேண்டுமே.